எமோஷன்: 12 பாட்டுப் பதிப்பை வாங்க வேண்டாம்

கார்லி ரே ஜெப்சனின் 'எமோஷன்' ஆல்பத்தைக் காசு கொடுத்து வாங்கினாலும் சரி, ஸ்ட்ரீமிங்கில் கேட்டாலும் சரி, முதலில் பார்க்க வேண்டியது பாட்டுகளின் எண்ணிக்கையைத்தான். 12 என்றிருந்தால் சாதாரணப் பதிப்பு, 44 நிமிடம். 15 என்றிருந்தால் டீலக்ஸ், 54 நிமிடம். 'நெவர் கெட் டு ஹோல்ட் யூ', 'லவ் அகெய்ன்' இரண்டும் கூடுதலாக வந்தது ஜப்பான் பதிப்பில். அட்டையை மட்டும் பார்த்துவிட்டு எடுத்தால் 12 பாட்டோடு வீட்டுக்கு வர வாய்ப்பு அதிகம். வாங்க வேண்டியது டீலக்ஸ்.

பெயர் நினைவுக்கு வராதவர்களுக்கு: 'கால் மீ மேபி' பாடியவர்தான் ஜெப்சன். கனடாக்காரர். அந்தப் பாட்டு 2012இல் அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பாட்டுப் பட்டியலில் ஒன்பது வாரம் முதலிடத்தில் இருந்தது. அதை ஒட்டி வந்த 'கிஸ்' ஆல்பம் அமெரிக்க ஆல்பம் பட்டியலில் 6ஆம் இடம் பிடித்தது. மூன்று வருடம் கழித்து வந்த எமோஷனுக்குக் கிடைத்தது 16ஆம் இடம். முதல் வாரம் விற்றது சுமார் 16,000 பிரதிகள். ஒரு காலத்தில் உலகமே முணுமுணுத்த பாட்டின் சொந்தக்காரருக்கு இது படுதோல்வி.

ஆல்பத்தின் தரத்துக்கும் இந்தத் தோல்விக்கும் சம்பந்தம் இல்லை. விற்ற விதம்தான் கோளாறு. 2015 மார்ச்சில் 'ஐ ரியலி லைக் யூ' சிங்கிளாக, அதாவது ஆல்பத்துக்கு முன்பே தனிப் பாட்டாக, வந்தது. வீடியோவில் நடிகர் டாம் ஹாங்க்ஸ் வாயசைத்துக்கொண்டே நியூயார்க் தெருவில் நடந்தார். பிரிட்டனில் பாட்டு 3ஆம் இடம் வரை ஏறியது. அமெரிக்காவில் 39ஐத் தாண்டவில்லை. அந்தச் சூட்டோடு ஆல்பத்தை இறக்கியிருக்க வேண்டும். செய்யவில்லை. ஜப்பானில் ஜூன் 24, அமெரிக்காவில் ஆகஸ்ட் 21, பிரிட்டனில் செப்டம்பர் 18 என்று மூன்று தவணையாக வெளியிட்டார்கள். ஜூனில் ஜப்பான் கடைகளுக்கு வந்துவிட்ட ஆல்பம் இணையத்தில் உலகம் சுற்ற எத்தனை நாள் ஆகும்? பிரிட்டனில் கடைக்கு வந்தபோது, அங்கே 3ஆம் இடம் பிடித்த பாட்டுக்கு ஆறு மாத வயது.

சிங்கிளாக எடுத்த பாட்டும் தவறு. 'ஐ ரியலி லைக் யூ' கேட்கச் சுகமான பாட்டுதான், ஆனால் அது கால் மீ மேபியின் தம்பி. அதைக் கேட்டவர்கள், 'சரி, மறுபடியும் அதே சரக்கு' என்று நகர்ந்துவிட்டார்கள். ஆல்பத்தில் மற்ற பாட்டு எதுவும் அந்த மாதிரி இல்லை என்பது அவர்களுக்குத் தெரிய வழியே இல்லை. புதிதாகக் கேட்பவர்கள் மூன்றாவதாக வரும் இந்தப் பாட்டை முதல் சுற்றில் தாண்டிவிடலாம், ஒன்றும் கெட்டுப்போகாது.

ரசிகர்கள் முதலில் கையில் கொடுப்பது 'ரன் அவே வித் மீ'. தொடக்கத்திலேயே சாக்ஸபோன் அலறுகிறது, எடுத்த எடுப்பில் உச்சத்தில். வைன் என்ற குறுவீடியோ செயலியில் அந்தச் சில நொடிகளை வெட்டி ஒட்டி எத்தனையோ கேலி வீடியோக்கள் வந்தன. ஆல்பத்துக்குக் கிடைத்த முதல் உண்மையான விளம்பரம் அதுதான். ஆனால் பாட்டின் சூட்சுமம் சாக்ஸபோனில் இல்லை, அதற்குப் பிறகு நடப்பதில் இருக்கிறது. அவ்வளவு பெரிய சத்தத்தை முதலில் காட்டிவிட்டு, சரணத்தில் எல்லாவற்றையும் அடக்கிவிடுகிறார்கள். குரல் காதருகே வந்துவிடுகிறது. சரணம் முடியும் வரைக்கும் பிடித்து வைத்திருந்துவிட்டுப் பல்லவியில்தான் மொத்தமாக அவிழ்த்துவிடுகிறார்கள். காத்திருக்க வைத்ததற்கு ஈடு கிடைக்கிறது. மேட்மேன் & ராபின், ஷெல்பேக் என்ற ஸ்வீடன் இசைத் தயாரிப்பாளர்களின் கைவேலை இது.

இதிலேயே ஒரு சிக்கலும் இருக்கிறது. மிகச் சிறந்த பாட்டை முதலில் வைத்துவிட்டதால், அடுத்த இரண்டு மூன்று பாட்டுகள் இறங்குமுகமாகத் தோன்றும். பலர் நாலாவது பாட்டோடு நிறுத்திவிடுவது இதனால்தான். நிறுத்தினால் 'ஆல் தட்' போய்விடும். ஐந்தாவது பாட்டு, 4 நிமிடம் 38 விநாடி, ஆல்பத்திலேயே நீளமானது. இசைத் தயாரிப்பாளர்கள் டெவ் ஹைன்ஸும் ஏரியல் ரெக்ட்ஷெய்டும் சேர்ந்து செய்தது. எண்பதுகளின் மெல்லிசைப் பாட்டு மாதிரி தாளம் சோம்பலாக நடக்க, பேஸ் என்ற அடிஸ்தாயி ஒலி மட்டும் துள்ளித் துள்ளிப் பேசிக்கொண்டே வரும். 2015 ஏப்ரலில் 'சாட்டர்டே நைட் லைவ்' என்ற அமெரிக்க டிவி நிகழ்ச்சியில் ஜெப்சன் இதைப் பாடினார், ஹைன்ஸும் உடன் வாசித்தார். ஃபோன் ஸ்பீக்கரில் இந்தப் பாட்டைக் கேட்காதீர்கள். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் பேஸின் கீழ்ப்பகுதி வெளியே வரவே வராது. மிஞ்சுவது ஒரு சுமாரான தாலாட்டு. காதை மூடுகிற ஹெட்ஃபோன் வேண்டும், இல்லாவிட்டால் ஓரளவு நல்ல கார் ஸ்பீக்கர். ஈக்வலைசரைத் தொட்டே ஆக வேண்டும் என்பவர்கள் 60 முதல் 100 ஹெர்ட்ஸ் பக்கம் 2 டெசிபெல் ஏற்றினால் போதும். ட்ரெபிளை ஏற்றக் கூடாது. ஆல்பம் முழுக்கவே மேல் ஸ்தாயி ஒலிகள் பளிச்சென்றுதான் இருக்கின்றன. இன்னும் கூட்டினால் சிந்தசைசரும் கைதட்டலும் காதைக் குத்தும்.

ஹெட்ஃபோன் கேட்கும் இன்னொரு பாட்டு 'வார்ம் பிளட்'. வாம்பயர் வீக்கெண்ட் இசைக்குழுவில் இருந்த ரோஸ்டாம் செய்தது. தாளம் நாடித்துடிப்பு அளவுக்குச் சன்னமாக இருக்கும்; ஜெப்சனின் குரலையே சில இடங்களில் சுருதி குறைத்து, வேறு யாரோ பாடுவது போல உள்ளே புதைத்திருக்கிறார்கள். சத்தமான பஸ்ஸில் கேட்டால் இதெல்லாம் காணாமல் போய், பாட்டே பாதியில் நின்றுவிட்ட மாதிரி தெரியும்.

நடுப்பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 'பாய் ப்ராப்ளம்ஸ்', 'மேக்கிங் தி மோஸ்ட் ஆஃப் தி நைட்' இரண்டிலும் பாடகி சியா உடன் எழுதியிருக்கிறார். இரண்டாவதில் வரிகளை உடைத்துப் பாடும் விதத்திலேயே அது தெரியும். முதலாவது நல்ல குறும்பு: காதலன் போவது பெரிய விஷயமில்லை, அவனைப் பற்றியே புலம்பிப் புலம்பித் தோழியை இழந்துவிடுவோமோ என்பதுதான் கவலை. 'யுவர் டைப்' ஒருதலைக் காதல், எந்தப் பூச்சும் இல்லாமல். 'எல்ஏ ஹாலுசினேஷன்ஸ்' ஒன்றுதான் பலவீனம். பஸ்ஃபீட், டிஎம்இசட் என்ற பொழுதுபோக்கு, கிசுகிசு இணையதளங்களைப் பிணந்தின்னிப் பறவைகளாக்கும் வரியைத் தவிர நினைவில் நிற்க ஒன்றுமில்லை. அந்த வரியும் அந்தக் காலத்தோடு போயிற்று.

டீலக்ஸில் கூடுதலாக வருபவை 'பிளாக் ஹார்ட்', 'ஐ டிட்ன்ட் ஜஸ்ட் கம் ஹியர் டு டான்ஸ்', 'ஃபேவரிட் கலர்'. நடுவில் உள்ளதைக் கேட்காமல் விட்டால் இழப்பு. தொண்ணூறுகளின் கிளப் இசை பாணியில் அமைந்த அது, சாதாரணப் பதிப்பில் உள்ள நாலைந்து பாட்டுகளைவிட மேல். ஒரு எச்சரிக்கை: 12ஆவது பாட்டான 'வென் ஐ நீடட் யூ' முடிவுக்காகவே வைக்கப்பட்டது, கதவைச் சாத்திவிட்டு வெளியேறுகிற பாட்டு. டீலக்ஸை அப்படியே ஓடவிட்டால் அந்த முடிவுக்குப் பிறகு மூன்று பாட்டு தொங்கும். சரிசெய்வது சுலபம். பட்டியலைத் திருத்தி, 10ஆவது பாட்டான 'எல்ஏ ஹாலுசினேஷன்ஸ்' என்பதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் டான்ஸ் பாட்டைப் போடுங்கள்; 'ஃபேவரிட் கலர்' வார்ம் பிளட்டுக்கு அடுத்து; 'வென் ஐ நீடட் யூ' கடைசியில். 'பிளாக் ஹார்ட்' உங்கள் விருப்பம். ஷஃபிளை மட்டும் அணைத்து வையுங்கள்.

இந்த ஆல்பத்துக்காக 200க்கும் மேற்பட்ட பாட்டுகள் எழுதியதாக ஜெப்சனே சொல்லியிருக்கிறார். மிச்சத்தில் எட்டை எடுத்து 2016 ஆகஸ்டில் 'எமோஷன்: சைடு பி' என்று வெளியிட்டார். ஏறக்குறைய அரை மணி நேரம். ஒதுக்கிய சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். 'ஃபீவர்' பாட்டில் பாடுகிறவள் காதலனுடைய சைக்கிளைத் திருடிக்கொண்டு இரவில் மிதிக்கிறாள். இத்தனை அபத்தமும் இத்தனை துக்கமும் ஒரே வரியில் மெயின் ஆல்பத்திலேயே கிடையாது. 'ஸ்டோர்' பாட்டில் உறவை முறித்துக்கொண்டு போகிறவள் சொல்லும் சாக்கு, கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்பது. சரணம் வரை அழுகை, பல்லவியில் விளம்பரப் பாட்டு. சிலருக்கு அது எரிச்சல். தீவிர ரசிகர்களுக்குக் கொண்டாட்டம்.

அந்த ரசிகர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. விற்பனைப் பட்டியலில் தோற்ற ஆல்பத்தை அவர்கள் விடவில்லை. 2016இல் கனடாவின் போலாரிஸ் இசைப் பரிசின் இறுதிப் பட்டியலில் அது இடம்பெற்றது. ஜெப்சனுக்கு யாராவது ஒரு வாள் கொடுக்க வேண்டும் என்று இணையத்தில் ஒரு வேடிக்கை கிளம்பி, மனு போடும் அளவுக்குப் போய், 2018இல் சிகாகோ லொல்லாபலூசா இசைவிழா மேடையில் காற்றடைத்த வாள் ஒன்று அவர் கைக்கே வந்து சேர்ந்தது. விளையாட்டு ஒருபுறம் இருக்க, அவர்களால் நிலைத்த பழக்கம் ஒன்று உண்டு: 2019இல் வந்த 'டெடிகேட்டட்' ஆல்பத்துக்கும் அடுத்த வருடமே ஒரு சைடு பி வந்தது.

எல்பி இசைத்தட்டு வாங்குகிறவர்கள் பின்னட்டைப் பட்டியலைப் படிக்காமல் பணம் கட்ட வேண்டாம். ஆன்லைன் கடைகளில் தலைப்பில் 'எமோஷன்' என்று மட்டும் போட்டிருப்பார்கள். பாட்டு எண்ணிக்கை படத்தில்தான் தெரியும், அதுவும் இல்லையென்றால் விற்பவரிடம் கேட்டுவிடுங்கள். ஜப்பான் சிடியின் இரண்டு கூடுதல் பாட்டுகளுக்காக இறக்குமதி விலை கொடுப்பது சேகரிப்பவர்களுக்கு மட்டும்தான். 'லவ் அகெய்ன்' நல்ல பாட்டு, ஆனால் அந்தப் பணத்துக்கு அல்ல.

கடைசியாக, 'கட் டு தி ஃபீலிங்'. இதுவும் எமோஷனுக்கு எழுதப்பட்டு ஒதுக்கப்பட்டதுதான். 2017இல் தனி சிங்கிளாக வந்தது, 12, 15 பாட்டுப் பதிப்புகளில் தேடாதீர்கள். உங்கள் பட்டியலில் சேர்ப்பதானால் 'ரன் அவே வித் மீ' பக்கத்தில் வைக்காதீர்கள், இரண்டும் ஒரே வேகத்தில் ஒரே வேலையைச் செய்கிற பாட்டுகள், ஒன்றை ஒன்று அமுக்கிவிடும். 'ஆல் தட்' முடிந்த கையோடு வையுங்கள்.