மூன்று கார்பரேற்றருக்கும் காசு வாங்கினார்கள், ஒன்றையும் ஒழுங்காகக் கழற்றவில்லை

ஒன்ராறியோவின் சிம்கோ, ஸ்கூகொக் ஏரிகளில் கோடையில் மீன்பிடிக்கப் போகும் நம்மவர்களில் பலரிடம் இருப்பது பழைய இரண்டு ஸ்ட்ரோக் படகு மோட்டர்தான். புதிய நாலு ஸ்ட்ரோக்கின் விலைக்குப் பழைய படகையே மோட்டர், ட்ரெய்லரோடு வாங்கிவிடலாம் என்பதால் அப்படி. பெற்றோலையும் காற்றையும் கலந்து சிலிண்டருக்கு விடும் கார்பரேற்றரின் வேலைக்குப் படகைக் கடையில் விட நினைப்பவர்கள் இதை வாசித்துவிட்டு விடுங்கள்.

என்னுடையது எண்பதுகளின் எவின்ரூட், 70 குதிரைவலு, மூன்று சிலிண்டர், சிலிண்டருக்கு ஒன்றாக மூன்று கார்பரேற்றர். இதைச் செய்த ஓஎம்சி நிறுவனம் 2000 டிசம்பரில் வங்குரோத்தானது. பிறகு பொம்பார்டியே வாங்கியது, அதிலிருந்து பிரிந்த பிஆர்பி 2020இல் எவின்ரூட் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. உதிரிப்பாகம் இன்னும் கிடைக்கிறது. ஆனால் இந்த மோட்டரை அறிந்த கை குறைந்துவிட்டது, பெரிய கடைகள் இவ்வளவு பழையதைத் தொடவே யோசிக்கின்றன. அதனால் ரொறன்ரோவுக்கு வடக்கே தனியாள் நடத்தும் ஒரு கடைக்குப் போனேன். பெயர் சொல்லப் போவதில்லை.

குறை என்னவென்றால், மோட்டர் ஸ்டார்ட் ஆகும், ஐடிலில், அதாவது வேகம் கொடுக்காத ஓட்டத்தில், அழகாக நிற்கும், வேகம் கொடுத்தால் இழுக்காது. மாரி முழுக்கக் கார்பரேற்றரின் குடுவையில் நின்ற எத்தனால் கலந்த பெற்றோல் வற்றிப் பிசினாகியிருக்கும் என்று நானும் நினைத்தேன், கடைக்காரரும் அதையே சொன்னார். மூன்றையும் கழற்றிப் பிரித்து, கழுவி, புது கிட் (காஸ்கட், நீடில் வால்வு அடங்கிய பாகத் தொகுதி) போட்டு, மூன்றும் ஒன்றாகத் திறக்கும்படி லிங்க் அண்ட் சிங்க் செய்து தருவதாகப் பேச்சு. பில்லிலும் அப்படியே எழுதினார்: கிட் மூன்று, கூலி, கழுவும் திரவம், சில்லறைச் சாமான். வரியோடு ஆயிரம் டொலரைத் தாண்டியது. கடை முற்றத்தில் தண்ணீர்க் குழாயை மாட்டி ஓட்டிக் காட்டினார். சத்தம் சுத்தமாக இருந்தது, காசைக் கட்டிப் படகை எடுத்தேன்.

முற்றத்தில் ஓட்டிக் காட்டுவதை நம்பாதீர்கள். அங்கே சுமையே கிடையாது. ஐடிலில் பெற்றோல் வரும் துளை வேறு, முழு வேகத்தில் வரும் துளை வேறு. முழு வேகத் துளையான பெரிய ஜெட் அடைத்துக் கிடந்தாலும் முற்றத்தில் மோட்டர் பூனைமாதிரிச் சத்தம் போட்டுக்கொண்டு நிற்கும்.

ஏரியில் இறக்கியதும் பழைய கதைதான். முழு திராட்டிலில் ஐயாயிரம் ஆர்பிஎம்முக்கு மேல் போகவேண்டிய மோட்டர் நாலாயிரத்தைக்கூடத் தொடவில்லை, படகு மூக்கைத் தூக்கியபடி உழுதது. கூட வந்த தம்பி ஒருவர் முன்பு யாழ்ப்பாணத்து மயிலிட்டியில் மீன்பிடித் தொழில் செய்தவர். "அண்ணை, ஓடேக்கை திறப்பை ஒருக்கா உள்ளுக்குத் தள்ளிப் பாருங்கோ" என்றார். இந்த மாடலில் ஸ்டார்ட் பண்ணும் திறப்பைத் தள்ளினால் பிரைமர் மேலதிகமாகப் பெற்றோலைக் கொடுக்கும். தள்ளினேன், படகு பாய்ந்தது. விட்டேன், படுத்தது. பெற்றோல் போதாமல்தான் மோட்டர் திணறுகிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

கடைக்காரரிடம் போய்ச் சொன்னால், "கார்பரேற்றர் பெர்ஃபெக்ட், இப்போ உங்களுடைய பவர் பாக் போய்விட்டது" என்கிறார். பிளக்குக்கு ஸ்பார்க் கொடுக்கும் மின்பெட்டி அது. அதற்கு இன்னும் நானூறு டொலராம். பிளக் ஒவ்வொன்றாகக் கழற்றி என் கண்முன்னே ஸ்பார்க்கைக் காட்டச் சொன்னேன். அன்றைக்கு அவருக்கு நேரமில்லை.

வேறொரு வயதான மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் கார்பரேற்றரைத் தொடுவதற்கு முன்னாலேயே கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தைப் பார்த்தார். முதற்கடையில் அதைச் செய்யவே இல்லை. இரண்டு சிலிண்டரில் 120 பிஎஸ்ஐ, நடுவில் 90. ஸ்பார்க் மூன்றிலும் நீலமாகப் பாய்ந்தது, பவர் பாக்கில் ஒரு பழுதும் இல்லை. பிறகு கார்பரேற்றரை இறக்கினார். மூன்று குடுவைக்கும் காஸ்கட் புதிது, உண்மை. வெளிப்பக்கம் ஸ்பிரே அடித்துப் பளபளப்பாக இருந்தது. ஆனால் ஹைஸ்பீட் ஜெட் இருப்பது குடுவையின் அடியில், ஒரு பெரிய திருகாணிக்குப் பின்னால். அந்தத் திருகாணியின் வெட்டில் பழைய பெயின்ற் அப்படியே உறைந்திருந்தது, ஸ்குரூட்ரைவர் பட்ட அடையாளமே இல்லை. நடுக் கார்பரேற்றரின் ஜெட்டைக் கழற்றியபோது பாதித் துளையைப் பச்சைப் பாசிபோல ஒன்று மூடியிருந்தது. குடுவைக்குள் பெற்றோல் வருவதைக் கட்டுப்படுத்தும் நீடில் வால்வு ஒரு கார்பரேற்றரில் மட்டும் புதிது. மற்ற இரண்டு கிட்டும் எங்கே போயின என்று கடைக்காரருக்குத்தான் தெரியும். சிங்க்? கீழ்க் கார்பரேற்றரின் பட்டர்ஃபிளை, அதாவது காற்று விடும் தகடு, மற்ற இரண்டுக்கும் பிந்தித்தான் திறந்தது.

இரண்டு ஸ்ட்ரோக்கில் இது வெறும் வேகக் குறைவோடு நிற்பதில்லை. ஒயில் தனியாகச் சுற்றுவதில்லை, பெற்றோலோடு கலந்து கார்பரேற்றர் வழியாகத்தான் சிலிண்டருக்குப் போகிறது. ஜெட் பாதி அடைத்தால் ஒயிலும் பாதி. காற்று கூடிப் பெற்றோல் குறைந்த கலவை சூடாக எரியும், மசகும் இல்லாவிட்டால் பிஸ்டன் சுவரில் உரசத் தொடங்கும். என் நடுச் சிலிண்டரின் பிளக் வெள்ளை வெளேரென்று இருந்தது, பிஸ்டன் ஓரத்தில் கீறல். அந்த நிலைமையில் இன்னும் கொஞ்சம் விரட்டியிருந்தால் மோட்டர் இறுகிப்போயிருக்கும் என்றார் அந்த வயதான மெக்கானிக்.

படகைக் கடையில் கொடுக்கப் போகிறவர்கள் முதலில் கம்ப்ரஷன் எண்களை எழுதித் தரச் சொல்லுங்கள். மூன்றும் ஒன்றுக்கொன்று பத்து வீதத்துக்குள் இல்லாவிட்டால் கார்பரேற்றருக்குச் செலவழிப்பதில் அர்த்தம் குறைவு. மதிப்பீடும் எழுத்தில் வேண்டும். ஒன்ராறியோ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, மதிப்பீட்டுக்கு மேல் பத்து வீதத்தைத் தாண்டி அறவிட முடியாது. கழற்றிய பழைய நீடில், காஸ்கட் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுத் தரும்படி முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். கார் திருத்தினால் பழைய பாகத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று அந்தச் சட்டத்தில் தனியாக இருக்கிறது, ஆனால் அது வீதியில் ஓடும் வாகனத்துக்கு. படகு மோட்டருக்கு நாம்தான் கேட்கவேண்டும். காசைக் கட்டாமல் படகை எடுக்கலாம் என்றும் எண்ணாதீர்கள், கூலி தீரும்வரை பிடித்துவைக்கக் கடைக்கு உரிமை உண்டு. கிரெடிட் கார்டில் கட்டுங்கள்.

நான் கட்டியதும் கார்டில்தான். இரண்டாவது மெக்கானிக்கின் எழுத்தையும் படங்களையும் வங்கிக்கு அனுப்பினேன். போடாத இரண்டு கிட்டின் காசு திரும்பி வந்தது, கூலியில் ஒரு சதமும் வரவில்லை. ஜெட்டுகளைக் கழுவி, சிங்க் பிடித்து, இப்போது மோட்டர் ஓடுகிறது, முன்னைய வேகம் இல்லை. நடுப் பிஸ்டனுக்கு என்ன செய்வதென்று மாரியில் திறந்து பார்த்துத்தான் முடிவெடுக்கவேண்டும்.