உடுவிலும் லக்னோவும்: விடுதியா, பகல் வகுப்பா?

ஹாரியட் வின்ஸ்லோ, இசபெல்லா தோபர்ன் இருவரும் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கிய அமெரிக்கக் கிறிஸ்தவ மிஷன் பெண்கள். தொடங்கிய விதம் வேறு. ஹாரியட் வின்ஸ்லோ 1824இல் யாழ்ப்பாணத்து உடுவிலில் திறந்தது விடுதிப் பள்ளி. உணவு, உடை, படிப்பு எல்லாம் மிஷன் செலவு. கல்யாண வயதில் பெண்ணை வீட்டார் அழைத்துக்கொண்டால் படிப்பு பாதியில் நிற்கும். அதனால் படிப்பை முடித்துக் கிறிஸ்தவரை மணப்பவருக்கு மிஷனே சீதனமும் கொடுத்தது. சீதனம் கேட்கும் ஊரில் இது கெட்டிக்காரக் கணக்குத்தான். ஆனால் செலவு கூடும், மதமாற்ற நோக்கமும் மறையாது.

இசபெல்லா தோபர்ன் 1870இல் லக்னோ அமீனாபாத் கடைத்தெருவில் ஓர் அறையில் ஆறு சிறுமிகளோடு பகல் வகுப்பு தொடங்கினார். எதிர்ப்புக்கு அஞ்சி வாசலில் தடியுடன் காவல். செலவு சொற்பம், பாதுகாப்பும் சொற்பம். மறு ஆண்டே லால்பாக் வளாகம் வாங்கப்பட்டது. 1886இல் கல்லூரி வகுப்புகள்.

கையில் பணம் குறைவென்றால் லக்னோ வழி. மாணவி இடையில் நிற்பதுதான் கவலையென்றால் உடுவில்.