கையால் தைத்த லைனிங் பெல்ட்: குன்னூர் ஈரத்தில் நான்கு வருடம்

கடையில் வாங்கும் பெல்ட் குன்னூரில் ஒரு வருடம் தாங்கினால் பெரிய விஷயம். மேலே தோல் மாதிரி இருக்கும், உள்ளே அட்டை. ஐப்பசி மழையில் ஊறி, துளைப் பக்கம் உப்பிப் பிளந்துவிடும். மூன்றாவதும் அப்படிப் போனபோது, 2021இல், வெளியே ஒரு தோல், உள்ளே லைனிங்காக இன்னொரு தோல் வைத்து நானே தைத்தேன். இரண்டாம் முயற்சியில் வந்ததைத்தான் இன்றுவரை போடுகிறேன்.

தோல், சென்னை பெரியமேட்டில் வாங்கியது. பட்டையில் பதனிட்ட மாட்டுத்தோல், வெளியே 2.5 மி.மீ., உள்ளே 1.5 மி.மீ. குரோம் உப்பில் பதனிட்ட தோல் மெத்தென்று இருக்கும், ஆனால் ஓரத்தை எவ்வளவு தேய்த்தாலும் பளபளப்பு ஏறாது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் நம் பக்கத்துப் பழைய முறை. இந்த மலை முழுக்க நிற்கிற சீகை (வாட்டில்) மரத்துப் பட்டையும் தோல் பதனிட ஆகும்.

முதலில் தைத்தது வீண். இரண்டு தோலையும் மேஜையில் நீட்டிப் போட்டு, சொல்யூஷன் தடவி ஒட்டினேன். தைத்து முடித்தபோது ஸ்கேல் மாதிரி நேராக இருந்தது. இடுப்பில் ஏறிய ஒரே வாரத்தில் உள்பக்கம் முழுக்கச் சுருக்கம். பேருந்து நிலையத்துப் பக்கம் செருப்புத் தைக்கும் பெரியவரிடம் காட்டினேன். ஒருமுறை வளைத்துப் பார்த்தார். “படுக்கவச்சு ஒட்டுனீங்களா தம்பி? பெல்ட்டு என்ன படுத்தா கெடக்கப் போவுது?”

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். பெல்ட் வட்டமாகும்போது உள்தோலுக்குச் சிறிய வட்டம். இரண்டு தோலின் நடுக்கோட்டுக்கும் இடைவெளி 2 மி.மீ.; ஒரு சுற்றுக்கு வித்தியாசம் 2 × 3.14 × 2, சுமார் 12.5 மி.மீ. இடுப்பு 30 அங்குலமானாலும் 40 ஆனாலும் அதே அரை அங்குலம்தான். அந்த மிச்சத் தோல் ஒதுங்க இடமில்லாமல்தான் சுருங்குகிறது. அடுத்த முறை காலி கேஸ் சிலிண்டரில் உள்தோலைச் சுற்றி, அதன்மேல் வெளித்தோலை ஒரு முனையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அழுத்திக்கொண்டே போனேன். உள்தோலை அகலம் கூடுதலாக வெட்டிக்கொண்டு, ஒட்டிய பிறகு ஓரத்தைச் சீவினேன். சிலிண்டருக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே சுற்றளவு என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. இன்றுவரை ஒரு சுருக்கம் இல்லை.

தையல் ஒரே நூல், இரண்டு முனையிலும் ஊசி. ஒவ்வொரு துளையிலும் இரண்டும் எதிரெதிராகப் போய்வர வேண்டும். 4 மி.மீ.க்கு ஒன்றாகக் குத்தூசியால் போட்ட துளைகள் 500ஐத் தாண்டின. தைக்கும் நீளத்தைப் போல நான்கு மடங்கு நூல் வேண்டும். மூன்றரை போதும் என்று நினைத்த எனக்குக் கடைசி ஒரு சாணில் தீர்ந்துபோனது. இரண்டாம் வருடம் பக்கிள் பக்கம் ஒரு தையல் அறுந்தது. மெஷின் தையலென்றால் உருவிக்கொண்டே போயிருக்கும். இது அங்கேயே நின்றுவிட்டது.

பக்கிள் மாட்டும் துளைகள் நீளவில்லை. நடுத்துளையில் தொடங்கியவன் ஒரு துளை வெளியே வந்ததற்குச் சாயங்கால வர்க்கிதான் காரணம்.

சொதப்பியது பக்கிள். மலிவாக, முலாம் பூசிய இரும்பு வாங்கினேன். முலாம் உரிந்ததும் ஈரத்தில் இரும்பும், பட்டையிலிருந்து தோலில் ஏறிய டானின் என்ற துவர்ப்புப் பொருளும் சேர்ந்து, மடிப்பில் மை கொட்டியது போலக் கறுப்பு. அது போகவே இல்லை. தையலைப் பிரித்துப் பித்தளை மாட்டினேன். அதிலும் பச்சைக் களிம்பு வரும். சரி, துணியால் துடைத்தால் போய்விடும்.

அப்புறம் பூசணம். பீரோவுக்குள் வைத்தால் நவம்பரில் உள்தோல் வெள்ளை பூத்துவிடும். தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தேன். டப்பாவிலேயே உறைந்து கிடக்கிற குளிரில் தோல்மேலும் வெள்ளையாகப் படிந்து, எது எண்ணெய் எது பூசணம் என்றே தெரியவில்லை. இப்போது தேன்மெழுகை லேசாகச் சூடாக்கித் தேய்க்கிறேன். பெல்ட் பீரோவுக்கு வெளியே, ஒரு மர முளையில் தொங்குகிறது. இரும்பு ஆணியில் மாட்ட இன்னும் பயம்.