நியூ ஜெர்சி செப்புக்காசு: ஸ்லாப்பா, காகித உறையா?

1785 முதல் 1788 வரை கனெக்டிகட்டும் வெர்மான்டும், 1786 முதல் நியூ ஜெர்சியும் ஆளுக்கொரு பக்கம் செப்புக்காசு அடித்தன. இன்று அவற்றை வாங்க இரண்டு வழி உண்டு. ஒன்று, பிசிஜிஎஸ் அல்லது என்ஜிசி என்ற அமெரிக்கச் சான்று நிறுவனம் தரம் போட்டுப் பிளாஸ்டிக்கில் சீல் வைத்த ஸ்லாப். மற்றது, பருத்தித்துணி உள்ளுறையோடு இரண்டங்குலக் காகித உறையில் கிடக்கும், சான்று வாங்காத ‘ரா’ காசு. செம்பைப் பொறுத்தவரை என் ஓட்டு காகித உறைக்குத்தான். வெள்ளி வேறு கதை.

ஸ்லாப்பின் வசதி எல்லாருக்கும் தெரிந்ததே. அசல் என்ற உத்தரவாதம் கிடைக்கும், விரல்ரேகை படாது, கண்ணால் பார்க்காமலே ஒருவர் விலை சொல்லலாம். ஆனால் செப்புக்காசு கைமாறும்போது விலையைப் பிடித்து ஆட்டுவது அதன் மேற்பரப்பு. அங்கேதான் ஸ்லாப் சறுக்குகிறது.

சான்று நிறுவனம் 1 முதல் 70 வரையான அளவுகோலில் எண் போடும். அரிப்பு அதன் வரம்பைத் தாண்டினால் எண் கிடையாது. ‘விஎஃப் டீட்டெயில்ஸ், என்விரான்மென்டல் டேமேஜ்’, அதாவது உருவம் ‘வெரி ஃபைன்’ அளவுக்கு நிற்கிறது, ஆனால் சூழலால் கெட்டது என்று எழுதி முடித்துக்கொள்ளும். ரவை தூவியதுபோல லேசாகச் சொரசொரத்த காசுக்கும் இதே சீட்டு, கரையான் அரித்ததுபோல் குழிவிழுந்த காசுக்கும் இதே சீட்டு. லேபிளைப் பார்த்து வாங்குபவர் இரண்டுக்கும் ஒரே அடிமாட்டு விலைதான் கேட்பார். மண்ணுக்குள் நெடுங்காலம் கிடந்துவந்த காசுகள் நிறைய உள்ள இந்தத் துறையில் இது சின்ன இழப்பல்ல.

1967இல் தொடங்கிய ஏர்லி அமெரிக்கன் காப்பர்ஸ் சங்கத்தார் பழக்கம் வேறு. முதலில் தேய்மானத்தை மட்டும் பார்த்துக் ‘கூர்மை’த் தரம், பிறகு குறைகளுக்குக் கழிவு, மிஞ்சுவது நிகரத் தரம். 1787 மாரிஸ் 46-ஈ வகையை (நியூ ஜெர்சிக் காசுகளின் அச்சு வகைகளுக்கு மாரிஸ் என்பவர் போட்ட எண்) எடுத்துக்கொள்ளுங்கள். தாராளமாகக் கிடைக்கும் காசு. குதிரையின் பிடரி இழைகளும் கேடயக் கோடுகளும் தனித்தனியாக நின்றால் கூர்மை விஎஃப்-30 போடலாம். லேசான சொரசொரப்புக்குக் கழித்தால் விஎஃப்-20. குழி ஆழமென்றால் எஃப்-12 (‘ஃபைன்’) அல்லது அதற்கும் கீழே. ஒரே லேபிளில் அடங்கிப்போன இரண்டு காசுகள் இங்கே பிரிந்துவிட்டன, பேரம் பேசவும் ஓர் எண் கிடைத்துவிட்டது. எவ்வளவு கழிப்பது என்பதில் இருவர் ஒத்துப்போவது அரிது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். விற்பவர் கை கொஞ்சம் தாராளமாகவே இருக்கும். ஆகவே கழிவை நீங்களே போட்டுப் பாருங்கள்.

நடுவில் உருவம் மங்கியிருந்தால் உடனே தேய்மானம் என்று எழுதிவிடாதீர்கள். தேய்ந்த இடம் வழவழவென்று தட்டையாக இருக்கும். அச்சு சரியாக விழாத இடத்தில் தகட்டின் பழைய கீறலும் வெடிப்பும் அப்படியே தெரியும். பத்து மடங்கு லென்சில் காசைச் சாய்த்துத் திருப்பினால் வித்தியாசம் புரியும். பிளாஸ்டிக்குக்கு அப்பால் அவ்வளவு சாய்க்க முடியாது, ஒளி எதிரடிக்கும்.

எடைக்கும் இதே கதி. 1786ஆம் ஆண்டு நியூ ஜெர்சிச் சட்டப்படி ஒரு காசு 150 கிரெயின், அதாவது 9.72 கிராம். ‘ஒட்டகத்தலை’ என்று பேர்போன மாரிஸ் 56-என் வகையோ பெரும்பாலும் கனெக்டிகட் காசு போன்ற பழைய காசுகளின் மேலேயே அடிக்கப்பட்டது. எடை குறைந்தாலும் அது அசலாக இருக்கலாம். அடியில் இருந்த காசின் எழுத்து விளிம்போரம் எட்டிப்பார்க்கிறதா என்று தேடுங்கள். மின்படிவு முறையில் இரு முகத்தையும் தனித்தனியாக நகலெடுத்த எலக்ட்ரோடைப் போலியில் இரண்டு பாதியை ஒட்டிய கோடு விளிம்பைச் சுற்றி ஓடும். தராசும் விளிம்பும் கைக்கு எட்டினால்தான் இதெல்லாம் நடக்கும்.

பராமரிப்பிலும் உறைக்கே ஒரு புள்ளி கூடுதல். ஸ்லாப்புக்குள் காற்று போகாது என்று நினைப்பது தப்பு. பச்சைக்களிம்பு உள்ளேயே வளரும், தொட வழியில்லை. ரா காசை சைலீன் என்ற கரைப்பானில் ஊறவைத்து, மென்மயிர்த் தூரிகையால் தடவி, சிலிகா ஜெல்லோடு வைக்கலாம். சைலீன் ஆவி தலையைச் சுற்றவைக்கும், ஜன்னல் திறந்திருக்கட்டும். பிவிசி உறை வேண்டவே வேண்டாம், அதுவே பச்சையைக் கொண்டுவந்து சேர்க்கும். புளி போட்டுத் தேய்த்தால் குத்துவிளக்கு மாதிரி பளபளக்கும். விலை பாதாளத்துக்குப் போகும்.

மாசசூசெட்ஸ் வெள்ளிக்கு வந்தால் ஸ்லாப்பைத் தவிர வேறு பேச்சில்லை. பைன் மர ஷில்லிங்குகளின் மேல் 1652 என்றே இருந்தாலும் அவை அடிக்கப்பட்டது 1667க்கும் 1682க்கும் இடையில். ஷில்லிங்கின் எடை 72 கிரெயின், 4.67 கிராம். ஓரம் வெட்டித் திருடியதால் அசலிலும் எடை குறையும். ஆகவே தராசு தீர்ப்புச் சொல்லாது. போதாக்குறைக்கு 1856இல் தாமஸ் வயட் என்பவர் அடிக்கவைத்த நகல்கள் வேறு. ஸ்லாப்பில் வாங்கினாலும் சான்று எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அங்கே படம் இருந்தால் கையிலிருக்கும் காசோடு ஒவ்வொரு வெட்டையும் ஒப்பிடுங்கள். போலி ஸ்லாப்பும் சந்தையில் இருக்கிறது.