ஆச்சிக்கு எந்த அட்டை, சமையல் அக்காவுக்கு எந்த அட்டை?

காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் வீட்டைப் பார்த்து வசதியைக் கணிக்க முடியாது. முகப்பில் தேக்குத் தூண், தரையில் ஆத்தங்குடிக் கல் இருக்கும். ஆனால் வீடு பங்காளிகள் எல்லாருக்கும் பொது. உள்ளே எழுபத்தைந்து வயது ஆச்சி, பிள்ளைகள் அனுப்பும் பணத்தில் தனியாக. அங்கே சமைத்துப் போட வரும் அக்காவுக்கு அறுபத்திரண்டு. இருவருக்கும் நெஞ்சுவலி வரலாம், ஆனால் இருவருக்கும் ஒரே காப்பீடு பொருந்தாது.

அக்காவுக்கு யோசிக்கவே வேண்டாம், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்தான். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். பிரீமியம் அரசு கட்டுகிறது. வயது வரம்பு இல்லை, ஏற்கெனவே சர்க்கரை இருக்கிறதே என்று தள்ளுவதும் இல்லை. 2018 முதல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டத்துடன் சேர்ந்து நடக்கிறது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. விஏஓ தரும் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போனால் பதிவு செய்துவிடலாம்.

"பெரியாஸ்பத்திரியில் எப்படியும் இலவசம்தானே, அட்டை எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரியோ மதுரை ராஜாஜியோ, அட்டையோடு போனால் காப்பீட்டுப் பணம் அந்த ஆஸ்பத்திரிக்கே வருகிறது. அதனால் அங்கேயும் காட்டுங்கள். பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரியில், அனுமதி கிடைத்த சிகிச்சைக்கு மேல்பணம் கேட்டால் 1800 425 3993-க்குப் பேசுங்கள்; கூச்சப்பட ஒன்றுமில்லை.

ஆச்சி விஷயம்தான் சிக்கல். பேர் மகனுடைய சென்னை ரேஷன் கார்டில் இருந்தால், குடும்ப வருமானம் என்று மகன் சம்பளமும் சேர்ந்துவிடும். ஊரில் தனிக்குடித்தனமாக ('வேறு வைத்து') தனி உலை வைப்பதெல்லாம் அரசுக் கணக்கில் வராது. இவருக்குப் பொருத்தம், 2024 அக்டோபர் 29 அன்று மத்திய அரசு தொடங்கிய ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை. 70 வயது முடிந்திருந்தால் போதும், வருமானம் கேட்பதில்லை. இதுவும் ஆண்டுக்கு 5 லட்சம். வீட்டில் முதியவர் இருவர் என்றால் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஏற்கெனவே ஆயுஷ்மான் பாரத்தில் உள்ள குடும்பம் என்றால், முதியவருக்கு இந்த 5 லட்சம் தனி. தனியார் பாலிசி இருந்தாலும் சேரலாம். முன்னாள் படைவீரர், மத்திய அரசு ஓய்வூதியர் திட்டங்களில் இருப்பவர்கள் மட்டும் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வயதுக்கு ஆதாரம் ஆதார் அட்டை. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பலருக்கு அதில் பிறந்த வருஷம் குத்துமதிப்பாகத்தான் ஏறியிருக்கிறது. முதலில் அதைச் சரிபாருங்கள். நீங்கள் போக நினைக்கும் ஆஸ்பத்திரி இந்த அட்டையை ஏற்கிறதா என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள். மத்தியத் திட்டத்துக்கான எண் 14555.

வெளிநாட்டுப் பிள்ளைகள் உடனே தனியார் பாலிசிக்குத்தான் தாவுவார்கள். புதிதாகப் பாலிசி எடுக்க இருந்த 65 வயது வரம்பு 2024-இல் நீக்கப்பட்டது, தனிநபர் பாலிசிக்கு ஜிஎஸ்டியும் 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை. ஆனாலும் எழுபத்தைந்தில் புதிதாக எடுப்பது வீண் என்பேன். பிரீமியம் கனம். பழைய நோய்க்கு மூன்று வருஷம் வரை காத்திருக்கச் சொல்லலாம். பல பாலிசிகளில் பில்லில் ஒரு பங்கு நம் கையிலிருந்துதான். தனி அறை வேண்டும், விரும்பிய டாக்டர் வேண்டும் என்பவர்கள் ஐம்பதுகளிலேயே எடுத்திருக்க வேண்டும்.

அரசு அட்டை இரண்டும் முக்கியமாக ஆஸ்பத்திரியில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்குத்தான். தினமும் விழுங்கும் பிரஷர், சர்க்கரை மாத்திரைக்கு இவற்றை நம்பாதீர்கள். அதற்கு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இருக்கிறது. மாத்திரை வீட்டுக்கே வரும். ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் பேர் சேர்த்துக்கொள்வார்கள். ஆச்சியும் கேட்கலாம், அக்காவும் கேட்கலாம்.