காயிலுக்கு 900 ரூபாய் மிச்சம் என்று வாங்கிய ‘ரெண்டரை எம்எம்’ வயர்

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் வயர் வாங்கக் கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

தை மாதம் மதுரையில் எங்கள் வீட்டு மாடியில் ஒரு ரூமும் பாத்ரூமும் எடுத்தோம். கீழே இருக்கும் டிபி பெட்டியிலிருந்து (வீட்டுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) மாடி கீசர் வரை 30 மீட்டர். சிவப்பு, கறுப்பு, பச்சையில் ரெண்டரை எம்எம் வயர் (உள்ளே இருக்கும் கம்பியின் குறுக்குவெட்டு 2.5 சதுர மில்லிமீட்டர்) ஒவ்வொரு காயில் வேண்டும் என்று எலக்ட்ரீஷியன் அண்ணன் எழுதிக் கொடுத்தார். கடைக்காரர் எடுத்துப் போட்டது கேள்விப்படாத பெயர். “தம்பி, இதுவும் ஐஎஸ்ஐதான். நீங்க கேக்குறதுல கம்பெனி பேருக்குத்தான் காசு” என்றார். காயிலுக்கு 900 ரூபாய் குறைவு. பின்னால் ஏசி மாட்டலாமே என்று நீலத்தில் ஒன்று சேர்த்தே வாங்கினேன். பில் கேட்டதற்கு ‘எஸ்டிமேட்’ என்று அச்சடித்த துண்டுச் சீட்டு கிடைத்தது. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

இரண்டு மாதத்தில் கீசர் பவர் பிளக் பக்கம் கருகல் வாசனை. அண்ணன் வந்து திறந்தார். திருகு தளர்ந்து, வயர் முனை கறுத்திருந்தது. வெட்டி, புது முனை எடுத்து, இறுக்கிவிட்டு, “சார், இந்தக் கம்பி கைக்கே ஒரு மாதிரி இருக்கு” என்றார். நண்பரிடம் கிளாம்ப் மீட்டர் (வயரை வெட்டாமலே கரண்டை அளக்கும் கருவி) வாங்கி வந்து அவரையே அளக்கச் சொன்னேன். கீசர் ஓடும்போது டிபியில் 228 வோல்ட், மாடி பிளக்கில் 218. கரண்ட் 8.2 ஆம்பியர்.

பள்ளிக்கூடத்துக் கணக்குதான். கீசரின் மின்தடை 218-ஐ 8.2-ஆல் வகுத்தால் 26.6 ஓம். 2000 வாட் கீசருக்கு 230 வோல்ட்டில் இருக்க வேண்டியதும் கிட்டத்தட்ட அதுதான், ஆக கீசர் யோக்கியம். வழியில் காணாமல் போன 10 வோல்ட்டை 8.2-ஆல் வகுத்தால் 1.22 ஓம். போக 30, வர 30 என்று 60 மீட்டர் வயர் அது. ஒழுங்கான ரெண்டரை எம்எம் செம்பு வயர் கிலோமீட்டருக்கு 8 ஓமுக்குள் இருக்க வேண்டும். அப்படியென்றால் 60 மீட்டருக்கு அரை ஓம் கூட வராது. என்னுடையது அதைப்போல் இரண்டரை மடங்கு. 10 வோல்ட்டை 8.2-ஆல் பெருக்கினால் 82 வாட். கீசர் ஓடும் நேரமெல்லாம் அவ்வளவும் சுவருக்குள் சூடாகப் போகிறது, மீட்டரும் அதற்குச் சேர்த்தே ஓடுகிறது. இந்தச் சூடு கரண்டின் வர்க்கத்துக்கு ஏற்றபடி ஏறும். 16 ஆம்பியர் இழுத்தால் 300 வாட்டைத் தாண்டிவிடும். வயர் ரெண்டரை என்று நம்பிப் போட்ட எம்சிபிக்கு (கரண்ட் அளவு மீறினால் தானாக அணையும் சுவிட்ச்) இது எதுவும் தெரியாது.

ஜாயிண்டில் கோளாறாக இருக்குமோ என்று ஒரு சந்தேகம். அதனால் மிச்சமிருந்த சிவப்பு வயரில் 20 மீட்டரை எடுத்தேன். மல்டிமீட்டரை ஓமில் வைத்து அளந்தால் பிரயோஜனமில்லை, அதன் புரோப் வயரே சில பத்தில் ஒரு பங்கு ஓம் காட்டும். கார் பேட்டரி, ஹெட்லைட் பல்பு, இந்த வயர் மூன்றையும் வரிசையாகச் சேர்த்தேன். கரண்ட் 4 ஆம்பியர். வயரின் இரு முனைக்கும் நடுவே 1.6 வோல்ட். வகுத்தால் 0.4 ஓம், அதாவது கிலோமீட்டருக்கு 20 ஓம். ஜாயிண்டே இல்லாத வயரிலும் அதே கதைதான். (வீட்டுக் கரண்டில் நீங்களாக எதையும் அளக்கப் போகாதீர்கள். பேட்டரியில் செய்யலாம், முனைகள் உரசாமல் பார்த்துக்கொண்டால் சரி.)

அப்புறம் பிளேடால் ஓர் இழையைச் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்பு முலாம். அதுவும் ரெண்டரை கிடையாது, ஒன்றரை இருந்தால் அதிகம். தடிமனான பிவிசி உறைதான் கண்ணை ஏமாற்றியிருக்கிறது. லைட்டரில் காட்டியதும் இழையின் நுனி உருகி உருண்டுகொண்டது. செம்பு அவ்வளவு லேசில் உருகாது.

இவ்வளவு மெனக்கெடாமல் கடையிலேயே தெரிந்திருக்கும், எடை போட்டிருந்தால். 90 மீட்டர் ரெண்டரை எம்எம் காயிலில் செம்பு மட்டுமே 2 கிலோ வர வேண்டும், உறை தனி. பிரிக்காத நீலக் காயிலை மளிகைக் கடைத் தராசில் வைத்தேன். உறையோடு சேர்த்தே 1 கிலோ 600 கிராம்.

கடைக்காரரிடம் கொண்டுபோனேன். “பைப்புல இழுக்கும்போது ஒயர் நீண்டிருக்கும் தம்பி” என்றார். பிரிக்காத காயிலைக் காட்டியதும், “இது எங்க கடையில வாங்கினதுன்னு யார் சொன்னா?” அந்தச் சீட்டில் கடைப் பெயரும் இல்லை, ஜிஎஸ்டி எண்ணும் இல்லை. வயர் மேல் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறது, அதோடு இருக்க வேண்டிய சிஎம்/எல் உரிம எண் இல்லை. அந்த எண் இருந்தால், ஐஎஸ்ஐ முத்திரை கொடுக்கும் பிஐஎஸ் அமைப்பின் ‘பிஐஎஸ் கேர்’ ஆப்பில் போட்டு யாருடையது என்று பார்த்துவிடலாம். இதெல்லாம் எனக்குத் தெரிந்தது பிறகுதான். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்திருக்கிறேன். பில் இல்லாமல் எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க வேண்டும்.

எலக்ட்ரீஷியன் அண்ணன் கமிஷன் வாங்கியிருப்பார் என்கிறார்கள் வீட்டில். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடைக்குப் போனதும் விலையைப் பார்த்து மயங்கியதும் நான்தான். பழைய வயரை உருவிப் புதிதாக இழுத்ததற்கு அவர் பாதிக் கூலிதான் வாங்கினார். இப்போது டிபியில் 228, மாடியில் 224.

நீலக் காயில் பரணில் கிடக்கிறது. திருவிழா சீரியல் செட்டுக்குக் கொடேன் என்று மச்சான் கேட்டான். தரவில்லை.