கிளாரினெட் ரீடு: நீலப் பெட்டியா, வி12ஆ, செயற்கையா?

கிளாரினெட் கீச்சிட்டால் வாசிப்பவரைத் திட்டுவது வழக்கம். முதலில் ரீடைப் பாருங்கள்: ஊதும்போது அதிர்ந்து ஒலி எழுப்பும் மெல்லிய பட்டை அது. திட்டு எங்கும் ஓடிப்போகாது.

பி பிளாட் கிளாரினெட்டுக்கு பிரெஞ்சு நிறுவனமான வான்டோரனின் நீலப் பெட்டி, அவர்களுடைய வி12, கனடாவின் லெஜேர் செயற்கை ரீடு ஆகிய மூன்றையும் எடுத்துக்கொள்வோம். நீலப் பெட்டி ரீடின் அடிக்கனம் 2.8 மி.மீ., நுனி 0.09 மி.மீ. வி12-இல் 3.15, 0.10. நீலம் சட்டென்று பேசும். வேகமான துத்துகாரத்துக்கு, அதாவது நாக்கால் தட்டி ஊதுவதற்கு, சுகம். வி12-இன் நாதம் உருண்டு, கீழ் ஸ்தாயியில் நிறைந்து வரும். நம் ஓட்டு வி12-க்கு.

பெட்டிமேல் உள்ள எண் கனமல்ல, விறைப்பு. புதிதாகக் கற்பவருக்கு 2 அல்லது 2½ போதும். ரீடைப் பொருத்தி வாயில் வைக்கும் முனைதான் மவுத்பீஸ்; அதன் வாய், அதாவது அதன் நுனிக்கும் ரீடுக்கும் உள்ள இடைவெளி, அகலமாக இருந்தால் எண்ணைக் குறையுங்கள். ரீடு விறைத்திருந்தால் நாதத்தைவிடக் காற்றே அதிகம் வரும், உதடு சீக்கிரம் சோரும். தளர்ந்திருந்தால் மேல் ஸ்தாயியில் சுருதி இறங்கும். கடித்து ஏற்றப் பார்த்தால் ரீடு மவுத்பீஸின் வாயை மூடிக்கொள்ளும்.

நீலப் பெட்டி, வி12 இரண்டும் நாணல் தட்டையில் சீவியவை. பெட்டிக்குப் பத்து, ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்தான், குணம் பத்து விதம். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: நடுவிலுள்ள நிழல் இருபுறமும் ஒரே அளவில் சரிய வேண்டும். பட்டை பொன்னிறமாக இருந்தால் நல்லது, பச்சை ஓடினால் முற்றாத தட்டை. ஒரு நிமிடம் நனைத்து, முதல் சில நாள் பத்து நிமிடத்துக்கு மேல் ஊதாதீர்கள். மவுத்பீஸை லேசாக இடம், வலமாகத் திருப்பி ஊதினால் எந்தப் பக்கம் அடைத்து ஒலிக்கிறதோ அங்கே விறைப்பு அதிகம். அந்த ஓரத்தை மட்டும் 600 எண் உப்புத்தாளால் இரண்டு இழுப்பு. நுனியின் நட்டநடுவைத் தொட்டால் ரீடு போச்சு. அடிப்பக்கம் வளைந்திருந்தால் கண்ணாடிமேல் உப்புத்தாளை விரித்துத் தேய்த்துச் சமன்செய்யலாம். நாலு ரீடை மாற்றி மாற்றி வாசித்தால் நாலும் நீடிக்கும்.

லெஜேருக்கு நனைப்பு வேண்டாம். வெயிலில் நடக்கும் ஊர்வலத்திலும் காய்ந்து சுருளாது. ஒன்றின் விலைக்கு நாணல் பெட்டியே வாங்கிவிடலாம் என்பது உறுத்தும். ஆனால் மாதக்கணக்கில் உழைக்கும். எண்ணைக் கால் குறைத்து வாங்குங்கள். நாணல்போல் சீவித் திருத்துவது எளிதல்ல என்பதால் எண்ணில் கவனம் தேவை.

எதை வாங்கினாலும், ரீடின் நுனிக்கு மேல் மவுத்பீஸ் ஒரு மயிரிழை தெரியும்படி வைத்து ரீடைப் பிடித்து நிறுத்தும் பட்டையான லிகேச்சரை முடுக்குங்கள். ரீடு ஏறினால் விறைக்கும், இறங்கினால் தளரும்.